சாம்பல் பிரைமர் அடித்த பழைய மாடல் இன்ஜின் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பழைய மாடல் ரயில் இன்ஜினை (நிஜ இன்ஜினின் சின்ன வடிவம்) வாங்கி, வெட்டி ஒட்டி, நாமே கற்பனை செய்த ஒரு சின்ன ரயில் கம்பெனியின் நிறத்தை அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற அக்டோபரில் 240 டாலர் கொடுத்து எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மூன்று டீசல் இன்ஜின் வாங்கினேன். அதில் இரண்டு வெட்டவும் ஆகாது, ஓட்டவும் ஆகாது. பணம் திரும்பி வரவில்லை, இனி வராது. விற்றவரின் பெயரையோ விற்ற இடத்தையோ எழுதப் போவதில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார் என்பதை முழுசாக எழுதுகிறேன். அதே வழியில் இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். காரில் இரண்டு மணி நேரம் போனால் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் வந்துவிடும். அங்கே டெலவேர்-லாக்கவானா என்ற சின்ன ரயில் கம்பெனி 1993 முதல் ஓடுகிறது. பெரிய கம்பெனிகள் எப்போதோ கழித்துக்கட்டிய, ஆல்கோ என்ற பழைய கம்பெனியின் டீசல் இன்ஜின்களை அவர்கள் இன்னும் வேலை வாங்குகிறார்கள். பாரத்தை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த இன்ஜின் கக்கும் கரும்புகையை ஒரு தடவை பார்த்தால் போதும், இந்தப் பொழுதுபோக்கை விட முடியாது. நான் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகளை ஷார்ட் லைன் என்பார்கள். 1980-இல் ரயில் கம்பெனிகள் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்த பிறகு, லாபம் தராத கிளைப் பாதைகளைப் பெரிய கம்பெனிகள் வேகமாகக் கைகழுவின. அவற்றை உள்ளூர்க்காரர்கள் எடுத்து நடத்தினார்கள். புது இன்ஜின் வாங்க அவர்களிடம் காசு கிடையாது. பெரிய கம்பெனி ஓட்டி முடித்த இன்ஜினை வாங்கி, பழுது பார்த்து, பழைய பெயரின் மேல் ஒரு பட்டை நிறம் அடித்து ஓட்டினார்கள். அதனால்தான் ஷார்ட் லைன் மாடல் செய்வது இவ்வளவு சுவாரசியம். எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வ கதை இருக்கும்.

சிஎஃப்7 என்ற இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்டா ஃபே ரயில்வே டெக்சாஸின் கிளீபர்ன் பட்டறையில் 1970 முதல் 1978 வரை 233 பழைய எஃப்7 இன்ஜின்களைப் பிரித்துச் சிஎஃப்7 ஆக மாற்றியது. எஃப்7-இல் பக்கச் சுவரே பாரம் தாங்கும் சட்டம். அதை அறுத்து எடுத்துவிட்டால் தாங்க ஒன்றும் இருக்காது. அதனால் அடியில் கனமான சட்டத்தைப் புதிதாகக் கட்டி, அதன்மேல் ஒடுங்கிய மூடியை வைத்தார்கள். பின்னாளில் அவற்றில் பல, ஷார்ட் லைன்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பட்டறைக்காரர்கள் எதை வெட்டலாம், எது பாரம் தாங்குகிறது என்று முதலில் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

என் திட்டம் இதுதான். இரண்டு ஜிபி9, ஒரு ஆர்எஸ்-3. ஆர்எஸ்-3 ஆல்கோவின் இன்ஜின். ஜிபி9 என்பது 1954 முதல் இஎம்டி கம்பெனி தயாரித்த 1750 குதிரைத்திறன் இன்ஜின். பெரும்பாலானவற்றில் முன்பக்க மூக்கு கேபின் உயரத்துக்கு நிற்கும். இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே கென்டக்கியின் படூகா பட்டறையில் பழைய ஜிபி வகை இன்ஜின்களின் மூக்கைக் குட்டையாக்கி, மேலே காற்று வடிகட்டிப் பெட்டி வைத்து, ஜிபி10 என்று பெயர் மாற்றியது. அவையும் கடைசியில் ஷார்ட் லைன்களுக்குத்தான் போயின. என் கற்பனைக் கம்பெனிக்கு அதுபோல இரண்டு வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

மூக்கை வெட்டுவதற்கு நிறம் அடிக்காத மாடல் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். தொழிற்சாலையிலிருந்தே நிறமோ எழுத்தோ இல்லாமல் வருவதை அன்டெகரேட்டட் என்பார்கள். விளம்பரத்தில் அந்த வார்த்தைதான் என் கண்ணில் பட்டது. “மூன்று இன்ஜின். இரண்டு புரோட்டோ 2000 ஜிபி9, ஒரு அட்லஸ்-கேட்டோ ஆர்எஸ்-3. எல்லாம் அன்டெகரேட்டட். நன்றாக ஓடும். உங்கள் சொந்தக் கம்பெனிக்கு ஏற்ற அடித்தளம்.” புரோட்டோ 2000, அட்லஸ்-கேட்டோ என்பவை மாடல் பிராண்டுகள். பச்சை நிறத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் மூன்றையும் வரிசையாக வைத்து எடுத்த படம். மூன்றும் ஒரே சாம்பல் நிறம். கூடவே ஒரு வீடியோ. ஆர்எஸ்-3 தண்டவாளத்தில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது.

வீடியோவில் ஓடியது ஒன்றுதான். மற்ற இரண்டும் படத்தில் நின்றன, அவ்வளவுதான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. ஒன்று இவ்வளவு நன்றாக ஓடினால் மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று மனது தானாக முடிவு செய்துகொண்டது.

கேட்ட விலை 250. “வியாபாரத்துக்கு அனுப்புவது போல அனுப்பாமல், நண்பருக்கு அனுப்புவது போலப் பணத்தை அனுப்புங்கள். எனக்குக் கட்டணம் மிச்சம், உங்களுக்குப் பத்து டாலர் குறைத்துக்கொள்கிறேன்” என்றார். புதிதாக, டிசிசி டிகோடரும் (இன்ஜினை டிஜிட்டலாக இயக்கும் சில்லு) ஒலியும் சேர்த்து வாங்கினால் ஒரு இன்ஜினுக்கே 200 டாலருக்கு மேல் ஆகும். மூன்றுக்கு 240 என்றால் நல்ல பேரம் என்று அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பிய பணத்துக்கு, வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது. அந்தப் பத்து டாலருக்காக 240 டாலருக்கான காவலை நானே எடுத்துவிட்டேன்.

பெட்டி வந்தது. ஆர்எஸ்-3 வீடியோவில் பார்த்தது போலவே ஓடியது. இன்றும் ஓடுகிறது, அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். டெக்சாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்த வேலையில் எனக்கு வழிகாட்டி. அன்று ராத்திரி போன் பேசும்போதே கேட்டார்.

“அண்ணா, மத்த ரெண்டையும் ஓட்டிப் பாத்தீங்களா?”

“டிகோடர் போட்டுட்டுப் பாத்துக்கலாம்ப்பா. கிறிஸ்துமஸ் லீவுலதான் கை வைக்கப் போறேன்.”

“எதுக்கும் இன்னைக்கே ஓட்டிருங்க.”

நான் ஓட்டவில்லை. இரண்டு மாதம் அலமாரியில் வைத்துவிட்டேன்.

டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜிபி9-இன் மேல்கூட்டைக் கழற்றி, மூக்கில் பென்சிலால் கோடு போட்டு, மெல்லிய ரம்பத்தை வைத்தேன். நல்ல ஸ்டைரீன் பிளாஸ்டிக் என்றால் ரம்பம் போகும்போது மெழுகு சீவுவது போல மெல்லிய சுருள் வரும். எனக்கு வந்தது மாவு. மூன்றாவது இழுப்பில் டப் என்று சத்தம். கோட்டை விட்டுவிட்டுக் கேபின் ஜன்னல் வரை ஒரு விரிசல் ஓடியது. கையில் பிடித்திருந்த மூலை அப்பளம் மாதிரி நொறுங்கி மேஜையில் விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கை தவறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்புறம் போனில் டார்ச்சைப் போட்டு, வெளிச்சத்தை மேல்கூட்டின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். பிரைமர் என்ற அடிப்பூச்சுக்குக் கீழே நான்கு இலக்க எண் ஒன்றின் விளிம்பு மேடாகத் தெரிந்தது. பழைய கம்பெனியின் எண். கைப்பிடிக் கம்பி செருகும் துளைகளை ஊசியால் சுரண்டினால் நீல நிறம் வந்தது. உடைந்த ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் பிளாஸ்டிக் முழுவதும் சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள். இது தொழிற்சாலையிலிருந்து நிறமில்லாமல் வந்த மாடல் இல்லை. ஒரு காலத்தில் நீல நிறத்தில் ஓடிய இன்ஜின். யாரோ கடுமையான திரவத்தில் ஊறவைத்து, நிறத்தை அரைகுறையாக உரித்து, கெட்டுப்போன பிளாஸ்டிக்கைச் சாம்பல் பிரைமரால் மூடியிருக்கிறார்கள்.

அடுத்து சேஸிஸ், அதாவது மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பகுதி. தண்டவாளத்தில் வைத்து மெதுவாக ஓட்டினால் டக், டக் என்று சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை. பாயின்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) வந்ததும் தடம் புரண்டது. புரோட்டோ 2000-இன் பழைய ஜிபி வகைகளில் அச்சு கியர் வயதாகி வெடிப்பது, இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பல வருஷமாக அறிந்த விஷயம். இரண்டு பக்கத்துச் சக்கரத்தின் அரை அச்சுகளையும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கியர்தான் இறுக்கிப் பிடிக்கிறது. காலப்போக்கில் அது வெடிக்கும். வெடித்த இடத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி கூடிவிடும். அதுதான் அந்த டக் சத்தம். பிடி தளர்ந்ததும் சக்கரம் நகர்ந்து, அளவு மாறி, பாயின்டில் ஏறிவிடும். இதற்காகக் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். ஆதெர்ன் என்ற மாடல் கம்பெனியின் 60024 என்ற மாற்றுக் கியர் அப்படியே பொருந்தும், விலையும் குறைவு, ஒரு சாயங்கால வேலை. வெடித்திருக்கிறது என்று சொல்லி விற்றிருந்தால் நானே மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன். போகியின் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு கியரிலும் வெடிப்பின் மேல் சூப்பர் குளூ. அதன்மேல் வெள்ளை கிரீஸ் அப்பியிருந்தது. தெரியாமல் விற்றவர் கியரில் குளூ வைக்க மாட்டார். இது தெரிந்தே மறைத்தது.

இரண்டாவது ஜிபி9-இன் கதை இன்னும் மோசம். மேல்கூட்டைத் தூக்கினால் வரவில்லை. உள்ளே நான்கு மூலையிலும் சூட்டுப் பசை. பிய்த்துப் பார்த்தால் அடியில் இருந்தது புரோட்டோ சேஸிஸே இல்லை. அகலமான மோட்டார் உள்ள, வேறொரு பழைய மாடலின் சேஸிஸ். அது உள்ளே நுழைவதற்காக மேல்கூட்டின் உட்சுவரைச் சின்ன கிரைண்டரால் தேய்த்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுவர் வழியாக என் விரலின் நிழல் தெரிந்தது. அதே திரவத்தில் ஊறிய அதே நொறுங்கும் பிளாஸ்டிக். அதை என்ன செய்வது?

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில்: “நீங்கள் வெட்டிய பொருளை நான் திரும்ப எடுக்க முடியாது.” நான் வெட்டாத இரண்டாவது இன்ஜினைப் பற்றிக் கேட்டேன். “இரண்டு மாதம் ஆகிவிட்டது, உங்களிடம் வந்த பிறகு யார் சேஸிஸை மாற்றினார் என்று எனக்கு எப்படித் தெரியும்?” பிளாஸ்டிக் எப்படி இப்படி ஆனது என்று விடாமல் கேட்டபோதுதான் உண்மை வந்தது. “நான் எல்லாவற்றையும் பிரேக் ஆயிலில்தான் ஊறவைப்பேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.” அப்படியானால் அன்டெகரேட்டட் என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். “இப்போது நிறம் இல்லைதானே” என்றார். அதோடு என் செய்திகளுக்குப் பதில் நின்றுவிட்டது.

பிரேக் ஆயிலில் நிறம் உரிப்பது இங்கே பழைய வழக்கம்தான். நிறைய பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் அதிக நேரம் ஊறினாலோ, கழுவியது போதாவிட்டாலோ சில பிளாஸ்டிக்குகள் வறண்டு நொறுங்கும். நான் இப்போது செய்வது மருந்துக்கடையில் கிடைக்கும் 91 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மூடி உள்ள டப்பாவில் ஊறவைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன். முதலில் உட்பக்க மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முழுசாக இறக்குவேன். நம் கையால் உரித்த மேல்கூடு என்றால் அது எதில், எவ்வளவு நேரம் ஊறியது என்று நமக்குத் தெரியும். அதனால் இனி யாரோ உரித்த மேல்கூட்டை வாங்க மாட்டேன். நீல நிறமோ மஞ்சளோ, அசிங்கமான எழுத்தோ, தொழிற்சாலை நிறம் மேலே இருந்தால்தான் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கை நம்பலாம். விலையும் அதற்குத்தான் குறைவாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கம்பெனியின் நிறம் வேண்டும் என்பவர்கள் மட்டுமே அதற்குப் போட்டி போடுவார்கள்.

அடித்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று இந்த மூன்று மாதத்தில் நான் கற்றதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கை வெட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் மூடியின் அகலம். ஆதெர்னின் பழைய நீலப் பெட்டிக் காலத்து ஜிபி9, ஜிபி35 போன்றவற்றில், அந்நாளைய மோட்டார் உள்ளே அடங்குவதற்காக மூடியை நிஜ அளவைவிட அகலமாகச் செய்தார்கள். பின்னால் வந்த ஜிபி38-2 போன்றவற்றில் அது சரியாகிவிட்டது. அகலமான மூடியை வாங்கிவிட்டு, கேனன் அண்ட் கம்பெனியின் சரியான அளவுக் கேபினை வைத்தால் இரண்டும் சேராது. அப்படியே ஓட்டிப் பார்த்து ரசிப்பதற்கு அந்தப் பழைய இன்ஜின்கள் உறுதியானவை, அடித்துப் போட்டாலும் ஓடும். வெட்டி ஒட்டத்தான் சிக்கல்.

கூரையில் டைனமிக் பிரேக் (மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் பிரேக்) இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் புடைப்பும் விசிறியும் தெரியும். சமவெளியில் மெதுவாக ஓடிய ஷார்ட் லைன்களில் பலவற்றுக்கு அது தேவைப்படவில்லை. அது இல்லாத மேல்கூட்டை வாங்கினால், புடைப்பைச் சீவி, ஓட்டையை அடைத்து, தேய்த்துச் சமமாக்கும் இரண்டு ராத்திரி வேலை மிச்சம். புரோட்டோ, அட்லஸ் போன்றவற்றின் கைப்பிடிக் கம்பிகள் வழுக்கும் வகைப் பிளாஸ்டிக். நிறம் ஒட்டாமல் உரியும். அதனால் கம்பி உடைந்திருக்கிறது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆனால் வாங்கத் தயங்க வேண்டாம். எப்படியும் பித்தளைக் கம்பியில் புதிதாக வளைக்கத்தான் போகிறோம்.

சேஸிஸ் வார்ப்பு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் வருடக்கணக்கில் அது மெல்ல உப்பி, வெடித்து, மேல்கூட்டையும் பிளந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. மேல்கூடு லேசாக வளைந்தோ, நடுவில் தூக்கிக்கொண்டோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். பழைய ஆதெர்ன் சேஸிஸ் என்றால் மோட்டாரின் கீழ்ப்பக்கத் தகடு சட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதைப் பிரித்து, நடுவில் டேப் ஒட்டி, தனி ஒயர் கொடுக்காமல் டிசிசி டிகோடரை இணைத்தால் டிகோடர் அப்போதே எரிந்துவிடும்.

ஓட்டம் பார்க்க வேகம் உதவாது. வேகமாக ஓடினால் வெடித்த கியரின் சத்தம் ஓட்டச் சத்தத்தோடு கலந்துவிடும். ஆள் நடக்கும் வேகத்தில், ஒரு பாயின்டைத் தாண்டி, முன்னும் பின்னும் போகும் வீடியோ கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மேல்கூட்டைக் கழற்றிய படமும், போகியைத் திருப்பி அடித்தட்டைக் கழற்றிய படமும் கேளுங்கள். கழற்றத் தெரியாது என்று சொல்பவரிடம் அவருக்குத் தெரியாததற்கு ஏற்ற விலைதான் கொடுக்க வேண்டும். கண்காட்சியில் வாங்குகிறீர்கள் என்றால் பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரியும், என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கத்தின் சக்கர அளவுத் தகடும் வைத்திருங்கள். டிகோடர் இல்லாத சாதாரண டிசி இன்ஜினின் இரண்டு பக்கச் சக்கரங்களில் பேட்டரியின் இரு முனையையும் தொட்டால் மோட்டார் சுற்றும். சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து சுற்றுகின்றனவா, ஏதாவது ஒன்று தயங்குகிறதா என்று பத்து விநாடியில் தெரிந்துவிடும். பொருள் வீட்டுக்கு வந்தால் அன்று ராத்திரியே ஓட்டிவிடுங்கள். பணத்தை வியாபாரத்துக்கு அனுப்புவது போலத்தான் அனுப்புங்கள், கட்டணம் எவ்வளவு ஆனாலும்.

பிப்ரவரியில் பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானத்தில் நடந்த சின்னக் கண்காட்சியில் ஒரு பெரியவரிடம் இன்னொரு ஜிபி9 வாங்கினேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேல்கூட்டைத் திறந்து காட்டினார். “இரண்டு கியர் வெடித்திருக்கிறது, அதனால் 45 டாலர்” என்றார். டைனமிக் பிரேக் இல்லாத மேல்கூடு, மேலே பழைய தொழிற்சாலை நிறம். கியரை மாற்றிவிட்டேன். போன வாரம் மூக்கை வெட்டினேன். ரம்பத்திலிருந்து சுருள் சுருளாக வந்தது.

இதை இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம், நேற்று கண்ணில் பட்ட ஒரு புது விளம்பரம். நான்கு இன்ஜின், எல்லாம் அன்டெகரேட்டட், உங்கள் சொந்தக் கம்பெனிக்கு ஏற்ற அடித்தளம். வீடியோவில் ஒன்று மட்டும் ஓடுகிறது. படத்தில் நான்கும் சாம்பல் நிறத்தில், அதே பச்சைத் துண்டின் மேல் நிற்கின்றன. மேல்கூட்டைக் கழற்றிய படம் அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்று காலை வரை பதில் இல்லை.